பழைய அமெரிக்க மிலிஷியா சாமான்களின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொப்பியிலோ பெல்ட்டிலோ மாட்டும் ஒரு பித்தளை வில்லை, துருவேறிய வாள், கழுகு பொறித்த பட்டன், மங்கிப்போன நியமனப் பத்திரம். அமெரிக்காவின் பழைய சாமான் சந்தைகளிலும் ஏலங்களிலும் இவை அடிக்கடி கண்ணில் படும். விற்பவரைக் கேட்டால் பெரும்பாலும் "1776", அதாவது அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த வருடம் என்பார். அதை எப்படிச் சரிபார்ப்பது என்று சேகரிப்பில் புதிதாக இறங்குபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கும் வரையிலான காலத்தைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மிலிஷியாவும் ராணுவம்தானே? ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

ராணுவத்துக்கு மத்திய அரசு சம்பளம் கொடுத்தது, உடை கொடுத்தது, கணக்கும் எழுதி வைத்தது. மிலிஷியா அப்படியல்ல. விவசாயி, கொல்லர், கடைக்காரர் என்று அந்தந்த ஊர் ஆண்கள் வருடத்தில் சில நாள் கூடிப் பயிற்சி எடுப்பார்கள், ஆபத்து வந்தால் துப்பாக்கியோடு வருவார்கள். மாசசூசெட்ஸ் பே குடியேற்றம் தன் மிலிஷியாவை ரெஜிமென்டுகளாகப் (கேப்டன் ஒருவரின் கீழ் இயங்கும் சிறு படைப்பிரிவு கம்பெனி, பல கம்பெனிகள் சேர்ந்தது ரெஜிமென்ட்) பிரித்தது 1636 டிசம்பரில். மிலிஷியாவின் வாரிசான இன்றைய நேஷனல் கார்டு (மாநிலங்களின் ரிசர்வ் படை) தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த டிசம்பர் 13-ஐத்தான்.

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1792 மே 8-ல் வந்த மத்தியச் சட்டம் இதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தது. 18 முதல் 45 வயதுக்குள் உள்ள, உடல் திடமான வெள்ளையின ஆண் குடிமகன் ஒவ்வொருவரும் பெயர் பதிய வேண்டும். ஆறு மாதத்துக்குள் மஸ்கெட் என்ற நீள்குழாய்த் துப்பாக்கி, பயனெட் (அதன் முனையில் மாட்டும் கத்தி), உபரியாக இரண்டு சக்கிமுக்கிக் கல், முதுகுப்பை, 24 தோட்டா கொள்ளும் பெட்டி எல்லாவற்றையும் அவரே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சொந்தச் செலவு. சேகரிப்பாளரின் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அரசு ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்த பொருள்கள் இல்லை இவை. அவரவர் கையிருப்புக்கும் ரசனைக்கும் ஏற்ப வாங்கியவை, அப்பா விட்டுப்போனவை, பக்கத்து ஊர்த் தட்டான் அடித்துக் கொடுத்தவை. ராணுவப் பொருளுக்கு உதவும் சீருடை விதிமுறைகளை வைத்துக்கொண்டு மிலிஷியா பொருளை அளந்தால் வழி தப்பிவிடும்.

பொருளின் மேலேயே 1774 என்று பொறித்திருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்?

சந்தேகமே அங்கேதான் வர வேண்டும். பழைய படைகளுக்குத் தங்கள் பழமையைக் காட்டிக்கொள்வதில் பெரிய ஆசை. பாஸ்டனின் ஏன்ஷியன்ட் அண்ட் ஹானரபிள் ஆர்ட்டிலரி கம்பெனி 1638-ல் அனுமதி பெற்றது. கனெக்டிகட் கவர்னரின் ஃபுட் கார்டு முதல் கம்பெனி 1771-ல் உருவானது. பிலடெல்பியாவின் குதிரைப்படையான ஃபர்ஸ்ட் சிட்டி ட்ரூப் 1774-ல். இவை எல்லாம் பிற்காலத்திலும் நீடித்தவை. அதனால் இப்படிப்பட்ட படைகளின் பொருளில் உள்ள வருடம், படை பிறந்த வருடமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்த வில்லையை அடித்தது நூறு வருடம் கழித்து இருக்கலாம்.

உடையும் ஏமாற்றும். ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1858-ல் தொடங்கிய புட்னம் ஃபாலங்ஸ் என்ற கம்பெனி, புரட்சிப் போர்த் (அமெரிக்க விடுதலைப் போர்) தளபதி இஸ்ரேல் புட்னமின் பெயரை வைத்துக்கொண்டு, வாஷிங்டன் காலத்துப் பாணியிலேயே உடுத்தியது. முக்கோணத் தொப்பியும் நீலக் கோட்டும் கிடைத்தால் 1776 என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

பொருளில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் படத்தையும் தனித்தனியாகத் தாளில் எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகள். இந்தப் படை இந்தப் பெயரில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை இருந்தது? இந்த ஊர் இந்தப் பெயரில் எப்போது இருந்தது? செய்தவர் இந்த முத்திரையை எப்போது போட்டார்? மூன்றுக்கும் ஒவ்வொரு கால இடைவெளி கிடைக்கும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம்தான் பொருளின் காலம். மூன்றும் எங்கேயுமே சந்திக்கவில்லை என்றால், பொருள் ஒட்டுப்போட்டது, அல்லது போலி.

உடை பாணி, பித்தளையின் நிறம், "பார்த்தாலே பழசு" என்ற உள்ளுணர்வு எல்லாம் இதற்குப் பிறகு வர வேண்டியவை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ரெஜிமென்ட் எண் தெளிவாக இருக்கிறது. எண்ணே போதாதா?

எண்ணைப் போல மாறக்கூடியது வேறொன்றும் இல்லை. ஒரே ஒரு படையை எடுத்துக்கொள்வோம்.

நியூயார்க் நகரில் 11-ஆம் ஆர்ட்டிலரி (பீரங்கிப்படை) ரெஜிமென்ட் என்று ஒன்று இருந்தது. 1824 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அமெரிக்காவுக்கு விருந்தினராக வந்து நியூயார்க்கில் இறங்கினார். பாரிஸில் 1789-ல் அவர் தலைமை தாங்கிய நேஷனல் கார்டின் நினைவாக, இந்த ரெஜிமென்டின் ஒரு பட்டாலியன் அதே பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. 1826-ல் அது வளர்ந்து 27-ஆம் ரெஜிமென்ட் ஆனது. 1847-ல் எண்கள் மாற்றப்பட்டபோது 7-ஆம் ரெஜிமென்ட் ஆனது. உள்நாட்டுப் போரில் வாஷிங்டனைக் காக்க விரைந்த புகழ்பெற்ற நியூயார்க் 7-ஆம் ரெஜிமென்ட் இதுதான். 1862-ல் நியூயார்க் மாநிலம் தன் மிலிஷியா முழுவதற்கும் நேஷனல் கார்டு என்ற பெயரைச் சட்டத்திலேயே வைத்தது. முதல் உலகப் போர் வந்தபோது இதே படை 107-ஆம் காலாட்படை ஆகிவிட்டது.

இப்போது ஒரு தொப்பி வில்லையில் "27" என்ற எண்ணும் நேஷனல் கார்டைக் குறிக்கும் "என்.ஜி." என்ற எழுத்துகளும் சேர்ந்திருந்தால், அது 1826-க்கும் 1847-க்கும் இடைப்பட்டது என்று நல்ல நம்பிக்கையோடு சொல்லலாம். அதே எழுத்துகளோடு "7" இருந்தால் 1847-க்குப் பிறகு. ஆனால் 1862-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் எந்த ரெஜிமென்டும் "என்.ஜி." போடலாம் என்பதால், எழுத்துகளுக்கு இருந்த அந்தத் தனி மதிப்பு போய்விடுகிறது. வெறும் "27" மட்டும் இருந்தால் இன்னொரு சிக்கல்: 1861-ல் போருக்கென்று திரட்டிய 27-ஆம் நியூயார்க் வாலன்டியர் (தன்னார்வ) காலாட்படை என்று முற்றிலும் வேறொரு படையும் உண்டு.

ஆகவே எண் கிடைத்தால் அடுத்த வேலை, அந்த மாநிலம் எந்தெந்த வருடங்களில் தன் ரெஜிமென்டுகளுக்கு எண் மாற்றியது என்று பார்ப்பது. மாநிலச் சட்டத் தொகுப்புகளில் இது இருக்கும். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைவிட உறுதியான சான்று குறைவு.

துப்பாக்கியிலும் பெல்ட் வில்லையிலும் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. அவை என்ன?

மாநிலத்தின் உடைமைக் குறி. "எஸ்.என்.ஒய்." என்றால் ஸ்டேட் ஆஃப் நியூயார்க். "சி.பி." என்றால் காமன்வெல்த் ஆஃப் பென்சில்வேனியா, 1790-களின் இறுதியில் அந்த மாநிலம் ஒப்பந்தம் கொடுத்துச் செய்வித்த மஸ்கெட்டுகளில் இதைப் பார்க்கலாம். "எம்.எஸ்." பெரும்பாலும் மாசசூசெட்ஸ். வில்லையில் "எம்.வி.எம்." என்று இருந்தால், அது மாசசூசெட்ஸ் வாலன்டியர் மிலிஷியா. அந்த அமைப்பு 1840-ல் வந்தது. அதற்கு முந்தைய பொருளில் அந்த எழுத்துகளுக்கு வேலை இல்லை.

1840 ஏன் என்று கேட்டால், அதற்குள் கட்டாய மிலிஷியா ஊர் சிரிக்கும் கேலிக்கூத்தாகிவிட்டது. பயிற்சி நாளில் துப்பாக்கிக்குப் பதில் சோளத்தட்டையும் துடைப்பக்கட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அப்புறம் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மறுபுறம் வசதியுள்ள இளைஞர்கள் தாங்களே சந்தா போட்டு, பளபளக்கும் சீருடை தைத்து, வாலன்டியர் கம்பெனிகளைத் தொடங்கினார்கள். உங்கள் கையில் இருப்பது இறகுக் குஞ்சம் வைத்த தொப்பியோ, தங்கமுலாம் பூசிய வில்லையோ என்றால் அது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினருடையது. சாதாரண மிலிஷியாக்காரர் வீட்டில் உடுத்திய உடையோடுதான் வந்தார்.

ஊர்ப் பெயரை வைத்து எப்படிக் காலம் சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். கம்பெனியின் வரலாறு தொலைந்திருக்கலாம். ஊர் எப்போது பிறந்தது என்பது தொலையாது.

வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் தனக்கென்று ஓர் ஆயுதத் தொழிற்சாலை நடத்தியது. வர்ஜீனியா மேனுஃபேக்டரி என்று பெயர். 1802 முதல் 1821 வரை அங்கே துப்பாக்கிகள் செய்தார்கள். விசைத் தகட்டின் (வெடிக்கும் விசையைப் பொருத்திய பக்கத் தகடு) வால் பகுதியில் ரிச்மண்ட் என்ற பெயரும் செய்த வருடமும் இருக்கும். பல மஸ்கெட்டுகளின் குழாயில் ரெஜிமென்ட் எண்ணோடு கவுன்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) பெயரையும் செதுக்கினார்கள். தகட்டில் 1806 என்றும் குழாயில் கேபெல் கவுன்டி என்றும் இருந்தால் என்ன அர்த்தம்? கேபெல் கவுன்டி உருவானதே 1809-ல். அப்படியானால் துப்பாக்கியைச் செய்தது ஒரு காலம், அதை அந்த ரெஜிமென்டுக்குக் கொடுத்தது இன்னொரு காலம். இல்லையென்றால் வேறொரு துப்பாக்கியின் தகட்டை இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டில் எது என்பதைத் திருகுகளும் மரத்தில் வெட்டிய பள்ளமும் சொல்லும். இன்னொன்று: கேபெல் இன்று மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. 1863 வரை அது வர்ஜீனியா. ஆவணத்தை எந்த மாநிலக் காப்பகத்தில் தேடுவது என்பதையும் இது தீர்மானிக்கும்.

மெய்ன் 1820 மார்ச்சில்தான் தனி மாநிலம் ஆனது. அதற்கு முன் அது மாசசூசெட்ஸின் ஒரு பகுதி. போர்ட்லண்டைச் சேர்ந்த ஒரு அதிகாரியின் நியமனப் பத்திரத்தில் மாசசூசெட்ஸ் என்று இருந்தால் பிழை என்று ஒதுக்காதீர்கள். 1820-க்கு முந்தையது என்று மகிழுங்கள்.

வாள் என்றால் நேதன் ஏம்ஸ் பட்டறையின் முத்திரையைத் தேடுங்கள். சில வாள்களில் கபட்வில் என்ற ஊர்ப் பெயர் இருக்கும், வேறு சிலவற்றில் சிக்கோபி. இரண்டும் ஒரே பகுதிதான். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகராட்சிக்குள் இருந்த கபட்வில், 1848-ல் பிரிந்துபோன சிக்கோபி என்ற ஊரோடு சேர்ந்தது. ஏம்ஸ் இறந்தது 1847-ல். கபட்வில் என்ற முத்திரை 1848-க்கு முந்தையது.

பட்டனின் பின்பக்கம் ஏதோ எழுதியிருக்கிறது. உதவுமா?

முன்பக்கத்தைவிட அதிகம் உதவும். கழுகும் நங்கூரமும் பல பத்தாண்டுகள் மாறாமல் இருக்கும். பின்னால் உள்ள கம்பெனிப் பெயர் பங்காளிகள் மாறும்போதெல்லாம் மாறும். கனெக்டிகட்டின் வாட்டர்பரியில் இருந்த ஸ்கோவில் நிறுவனம் நல்ல உதாரணம். லெவன்வொர்த், ஹேடன் அண்ட் ஸ்கோவில் என்று இருந்தால் 1811 முதல் 1827 வரை. ஜே.எம்.எல். அண்ட் டபிள்யூ.ஹெச். ஸ்கோவில் என்றால் 1827 முதல் 1840 வரை. அடுத்த பத்து வருடம் ஸ்கோவில்ஸ் அண்ட் கோ. 1850 முதல் ஸ்கோவில் மேனுஃபேக்சரிங் கம்பெனி.

"ட்ரெபிள் கில்ட்", "எக்ஸ்ட்ரா ரிச்" போன்றவை கம்பெனிப் பெயர்கள் அல்ல. முலாமின் தரத்தைப் பற்றிய விளம்பரம், அவ்வளவுதான். இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. இறக்குமதிப் பொருளில் நாட்டுப் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த வருடம் அமலுக்கு வந்தது.

கழுகைச் சுற்றி உள்ள நட்சத்திரங்களை எண்ணினால் வருடம் கிடைக்குமாமே?

கொடியில் ஓரளவு கிடைக்கும். வில்லையிலும் பட்டனிலும் நம்ப வேண்டாம். அச்சு செதுக்கியவர் இடம் இருந்த அளவுக்கு நட்சத்திரம் போட்டார். 13 என்பது எல்லாக் காலத்திலும் அலங்காரத்துக்குப் போட்ட எண்.

துப்பாக்கியின் விசைத் தகட்டில் உள்ள வருடத்தையாவது நம்பலாமா?

அந்தத் தகடு செய்யப்பட்ட வருடமாக நம்பலாம். துப்பாக்கி அந்த வருடத்துக்கு முன் இப்போதைய வடிவில் இருந்திருக்க முடியாது, அவ்வளவே. எத்தனை காலம் பின்னால் அது ஒரு மிலிஷியா கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கணக்கு.

1808-ல் மத்திய அரசு மாநில மிலிஷியாக்களுக்கு ஆயுதம் வாங்க ஆண்டுக்கு 2,00,000 டாலர் ஒதுக்கியது. அதற்குப் பிறகுதான் ஒரே மாதிரியான துப்பாக்கிகள் அதிக அளவில் மாநிலங்களுக்கு வந்தன. 1792 சட்டத்திலும் ஒரு அளவு உண்டு: ஐந்து வருடம் கழித்து மிலிஷியா மஸ்கெட்டுகள் எல்லாம், ஒரு பவுண்டு ஈயத்தில் 18 குண்டு வார்க்கும் அளவுக்குக் குழாய் விட்டம் கொண்டிருக்க வேண்டும். அந்தக் குண்டின் விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். புரட்சிப் போர்க் கால பிரிட்டிஷ் மஸ்கெட்டின் குழாயோ ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். அளந்து பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். பழைய பெரிய குழாயோடு வந்தவர்களை யாரும் திருப்பி அனுப்பிவிடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சக்கிமுக்கிக் கல்லில் வெடித்த பல துப்பாக்கிகளை 1840-களிலும் 1850-களிலும் கேப் (வெடிமருந்து அடைத்த சிறு உலோக மூடி) வைத்து வெடிக்கும்படி மாற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டில், விலை கூடுமென்று சிலர் அவற்றைத் திரும்பவும் கல்லுக்கே மாற்றினார்கள். மருந்துக் கிண்ணத்தை ஒட்டிய பகுதியில் புது வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள்.

நியமனப் பத்திரத்தில் தேதி கிழிந்துபோயிருக்கிறது.

கையெழுத்து இருக்கிறதா? கவர்னரின் பதவிக்காலம் போதும். மாசசூசெட்ஸில் ஜான் ஹான்காக் என்றால் 1780–85 அல்லது 1787–93. கேலப் ஸ்ட்ராங் என்றால் 1800–07 அல்லது 1812–16. நியூயார்க்கில் டேனியல் டாம்ப்கின்ஸ் என்றால் 1807–17.

பல பத்திரங்களில் "அமெரிக்க சுதந்திரத்தின் 32-ஆம் ஆண்டு" என்பதுபோல ஒரு வரி இருக்கும். 1776 ஜூலை 4-ல் முதலாம் ஆண்டு தொடங்குகிறது. ஆகவே அந்த எண்ணோடு 1775-ஐக் கூட்டினால், அந்த வருடத்து ஜூலை 4 முதல் அடுத்த ஜூலை 3 வரை. 32 என்றால் 1807 ஜூலை முதல் 1808 ஜூலை வரை.

ஆவணங்களை எங்கே தேடுவது? வாஷிங்டன் தேசியக் காப்பகத்தில் எல்லாம் இருக்குமே?

பலர் அங்கே போய்த்தான் சோர்ந்து திரும்புகிறார்கள். தேசியக் காப்பகத்தில் இருப்பது மத்திய அரசின் பணிக்கு அழைக்கப்பட்டவர்களின் பதிவு. உதாரணமாக பிரிட்டனுடன் நடந்த 1812 போரில் சில மாதங்கள் பணியாற்றிய மிலிஷியாக்காரரின் பெயர் கிடைக்கும். அமைதிக் காலத்தில் ஊர்த் திடலில் அணிவகுத்தவரின் பெயர் அங்கே இருக்காது. அது மாநில ஆவணக் காப்பகத்தில், அட்ஜுடன்ட் ஜெனரல் (மாநில மிலிஷியாவின் நிர்வாகத் தலைவர்) அலுவலகத் தாள்களில் இருக்கும். போதாக்குறைக்கு 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து எரிந்ததில் அதுவரையிலான ஆவணங்கள் பெரும்பாலும் போய்விட்டன. புரட்சிப் போர்ப் பணிப் பதிவுகள் என்று இன்று நாம் பார்ப்பவை, மிஞ்சிய பட்டியல்களிலிருந்து 1890-களில் தொடங்கித் திரும்பத் தொகுத்த அட்டைகள். செயின்ட் லூயிஸில் 1973-ல் நடந்த பெரிய தீ விபத்துக்கும் இந்தக் காலத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே எரிந்தது இருபதாம் நூற்றாண்டுப் பதிவுகள்.

புரட்சிப் போர் மிலிஷியா என்றால் நேராக ஓய்வூதியக் கோப்புகளுக்குப் போங்கள். 1832 ஜூன் சட்டம் மிலிஷியாவில் பணியாற்றியவர்களுக்கும் ஓய்வூதியம் கொடுத்தது. கையில் சான்று இல்லாத கிழவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, எந்தக் கேப்டன், எந்தக் கர்னல், எந்த வழியாக நடந்தோம் என்றெல்லாம் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஐம்பது வருடம் கழித்துச் சொன்னது என்பதால் தேதி தடுமாறும். கேப்டனின் பெயரை மறந்தவர்கள் குறைவு.

1803 முதல் ஒவ்வொரு மாநில அட்ஜுடன்ட் ஜெனரலும் ஆட்கள், ஆயுதங்கள் பற்றிய கணக்கை ஆண்டுதோறும் ஜனாதிபதிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மொத்தக் கணக்குதான், கம்பெனி வாரியாக இருக்காது. அந்த இடத்தை உள்ளூர் செய்தித்தாள் நிரப்பும். "வரும் திங்கள் காலை ஒன்பது மணிக்கு முழுச் சீருடையில் கூடவும்" என்ற மாதிரி விளம்பரங்களைக் கம்பெனிகள் வெளியிட்டன. ஒரு கம்பெனியின் பெயர் முதலில் எப்போது அச்சில் வருகிறது, கடைசியாக எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரெஜிமென்ட் இல்லை, ஊர் இல்லை. கேப்டன் பெயர் மட்டும் ஒரு முதுகுப்பையில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பல கம்பெனிகளுக்கு அதுவே பெயர். கேப்டன் மாறினால் கம்பெனியின் பெயரும் மாறும். அதிகாரிகள் பட்டியலில் அவர் கேப்டனாக இருந்த வருடங்களைக் கண்டுபிடித்தால் ஐந்தாறு வருட இடைவெளிக்குள் வந்துவிடலாம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், மாநிலத்தை முதலில் உறுதி செய்யுங்கள். வாங்கிய வீடு எந்த ஊரில் இருந்தது என்று விற்பவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

"எங்கள் கொள்ளுத்தாத்தா பங்கர் ஹில்லில் பிடித்த வாள்" என்று குடும்பத்தார் எழுதிய சீட்டு இருக்கிறது.

சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், அப்படியே நம்பவும் வேண்டாம். குடும்பக் கதையில் பெயரும் ஊரும் பெரும்பாலும் சரியாக இருக்கும், போர்தான் ஒரு தலைமுறை முன்னுக்குப் போய்விடும். 1812-ல் மகன் பிடித்த வாள் 1775-ல் அப்பா பிடித்ததாகிவிடும். கழுகுத் தலைக் கைப்பிடி உள்ள வாள் என்றால், அது 1775-ல் நடந்த பங்கர் ஹில் சண்டைக்குப் பிந்தையது. கழுகு தேசியச் சின்னத்தில் வந்ததே 1782-ல்.

போலிகளை எப்படி அடையாளம் காண்பது?

1960-களில் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு, 1976-ல் சுதந்திரத்தின் இருநூறாண்டு. இந்த இரண்டு விழாக்களுக்கும் நினைவுப்பொருளாக ஏராளமான நகல்கள் வந்தன. ஏமாற்றச் செய்தவை அல்ல அவை. ஐம்பது வருடம் மண்ணிலும் மேசை டிராயரிலும் கிடந்து இன்று அசலாக நடமாடுகின்றன. தகட்டில் அடித்த அசலின் விளிம்புகள் கூராக இருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல், உலோகம் குளிரும்போது சுருங்குவதால் சற்றே சிறியதாகவும், பின்புறம் நுண்துளைகளோடும் இருக்கும். கூட்டல் குறித் தலையுள்ள திருகு கண்ணில் பட்டால் அந்தத் திருகு 1930-களுக்கு முன் இருந்திருக்காது.

பாலிஷ் போடலாமா?

வேண்டாம். தூசு தட்டுங்கள், போதும்.

மெட்டல் டிடெக்டர் வைத்து நானே தேடலாமா?

தேசியப் பூங்காக்களில் கூடாது. புரட்சிப் போர் தொடங்கிய லெக்சிங்டன், கான்கார்டு சண்டைகளின் நினைவான மினிட் மேன் பூங்காவும் அதில் சேர்த்தி. மத்திய அரசு நிலத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பது 1979 சட்டப்படி குற்றம். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஊருக்குப் போகும்போது இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா?

பட்டனும் காகிதமும் பிரச்சினை தராது. துப்பாக்கி வேறு விஷயம். 1898 வரை செய்தவை அமெரிக்க மத்தியச் சட்டத்தில் பழம்பொருள் என்ற சலுகை பெறுகின்றன. அந்தச் சலுகை நம் விமான நிலையச் சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது. இந்திய ஆயுதச் சட்டப்படி என்ன அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வாளின் கைப்பிடியையும் பாருங்கள். அதிகாரிகளின் வாள்களில் பலவற்றுக்கு யானைத் தந்தப் பிடி. அது எத்தனை பழசாக இருந்தாலும், உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்டக் கூடாது.